பழைய கட்டடத்தைக் காப்பாத்த அரசு நிதி வாங்குறது எப்படி: முதல் போட்டோல இருந்து கடைசி பில் வரைக்கும்

பழைய கட்டடம் ஒண்ணைக் காப்பாத்த அரசாங்கத்துக்கிட்ட பணம் கேக்கலாம்னு நினைக்கிறவங்க நிறைய பேர் ரெண்டு நம்பிக்கையோட வர்றாங்க. கட்டடம் ரொம்பப் பழசா இருந்தா காசு வந்துடும்ங்கிறது ஒண்ணு, காசு வந்ததும் வேலையை ஆரம்பிச்சுக்கலாம்ங்கிறது இன்னொண்ணு. ரெண்டுமே அப்படி இல்ல. வயசுக்கு யாரும் காசு குடுக்குறதில்ல, அந்தக் கட்டடத்துல என்ன முக்கியம், விட்டா எது அழியும், சரிபண்ணினப்புறம் யார் பாத்துக்குவாங்க, இந்த மூணுக்கும் நீங்க சொல்ற பதிலுக்குத்தான் காசு. அடுத்தது, பெரும்பாலான திட்டங்கள்ல ஒப்புதல் லெட்டர் வாங்கி, உங்க காசுல வேலையைச் செஞ்சு, பில்லைக் காட்டி, அப்புறமாத்தான் பணம் வரும். லெட்டர் வர்றதுக்கு முன்னாடி செஞ்ச வேலைக்கு அநேகமா எங்கேயும் ஒரு பைசா கிடைக்காது. இந்த வரிசை புரியாம அவசரப்பட்டு கூரையைப் பிரிச்சுட்டு அப்புறம் விண்ணப்பம் போட வர்றவங்களைப் பாக்கும்போது மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா அவங்க நல்ல எண்ணத்துலதான் பண்ணியிருப்பாங்க. அதனாலதான் இதை வரிசையா எழுதுறேன்.

1. எந்த மாதிரி காசு, எங்க இருந்து வருதுன்னு முதல்ல பாருங்க

அரசு நிதின்னதும் கையில செக் குடுக்குறதை மட்டும் நினைக்காதீங்க. நேரடி மானியம் இருக்கு, வரிச்சலுகை இருக்கு, குறைஞ்ச வட்டிக் கடன் இருக்கு, ரிப்பேர் வேலைக்குக் கட்டின வரியைத் திருப்பித் தர்றது இருக்கு, சில இடங்கள்ல வேலைக்குக் குடுக்காம ஆய்வறிக்கை தயார் பண்றதுக்கு மட்டும் குடுக்குறதும் இருக்கு. இதுல எது உங்களுக்குப் பொருந்தும்ங்கிறது கட்டடத்தைவிட நீங்க யாருங்கிறதைப் பொறுத்தது.

அமெரிக்காவை எடுத்துக்கோங்க. அங்க பெரிய திட்டம்னா 20 சதவீத ஃபெடரல் (மத்திய அரசு) வரிச்சலுகைதான், தகுதியான செலவுல 20 சதவீதத்தை வருமான வரியில கழிச்சுக்கலாம், 2017 வரிச் சட்டத்துக்கு அப்புறம் அதை 5 வருஷமா பிரிச்சுத்தான் எடுக்க முடியும். ஆனா கட்டடம் வாடகையோ வியாபாரமோ ஏதாவது வருமானம் தர்றதா இருக்கணும், நீங்களே குடியிருக்குற வீட்டுக்கு இது கிடையாது (சில மாநிலங்கள் வீட்டுக்குன்னு தனியா வச்சிருக்கு). நெதர்லாந்துல நேர்மாறா, தேசியப் பட்டியல்ல இருக்குற வீட்டோட சொந்தக்காரங்களுக்கே பராமரிப்புச் செலவுல 38 சதவீதம் மானியம்னு 2019ல இருந்து ஒரு திட்டம் இருக்கு. ஒரே மாதிரி வீடு, நாடு மாறினா பதிலே மாறிடுது.

அதே மாதிரி, காசு எங்க இருந்து வருதோ அங்க இருந்துதான் கேள்வியும் வரும். இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. அமெரிக்காவோட வரலாற்றுப் பாதுகாப்பு நிதி கடலுக்குள்ள எண்ணெய், எரிவாயு எடுக்க விடுற குத்தகை வருமானத்துல இருந்து வருது, அது மாநில அலுவலகங்கள் வழியா ஓடுது, அதுல குறைஞ்சது 10 சதவீதம் சான்று பெற்ற உள்ளாட்சிகளுக்குப் போகணும்னு விதி, அதனால அங்க முதல்ல தட்ட வேண்டிய கதவு மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகம், இல்லேன்னா உங்க நகராட்சி. பிரிட்டன்ல பெரிய பணம் தேசிய லாட்டரி நிதியில இருந்து வருது, டிக்கெட் வாங்கினவங்க காசு அது, அதனால அவங்க முதல்ல கேக்குறது இந்தக் கட்டடத்தால பொதுமக்களுக்கு என்ன கிடைக்கும்னுதான். பிரான்ஸ்லயும் 2018ல பாரம்பரியத்துக்குன்னே தனி லாட்டரி ஆரம்பிச்சாங்க. லாட்டரி நிதிக்கு எழுதுற விண்ணப்பத்துல சுவரோட தடிமனைப் பத்தியே பத்துப் பக்கம் எழுதி மக்களைப் பத்தி ஒரு பாரா மட்டும் எழுதினா நிக்காது.

2. பட்டியல்ல இருக்கான்னு பாருங்க

ஏதாவது ஒரு அதிகாரப்பூர்வப் பட்டியல்ல பேர் இல்லாத கட்டடத்துக்கு நிதி கிடைக்கிறது அபூர்வம். உங்க கட்டடம் தனியா பட்டியல்ல இல்லேன்னாலும், அது இருக்குற தெருவோ பகுதியோ ஒரு வரலாற்றுப் பகுதியா அறிவிக்கப்பட்டிருக்கலாம், அதுக்குள்ள உங்க கட்டடம் அந்தப் பகுதியோட தன்மைக்குப் பங்களிக்கிற கட்டடம்னு குறிக்கப்பட்டிருந்தா அதுவே போதும்னு பல திட்டங்கள் ஏத்துக்கும். முதல்ல அதைத் தேடுங்க, புதுசா பட்டியல்ல சேர்க்க விண்ணப்பிக்கிறது மாசக்கணக்குல இழுக்கும்.

பட்டியல்ல சேர்ந்தா சொந்தக் கட்டடத்துல ஆணி கூட அடிக்க முடியாதுங்கிற பயம் நிறைய பேருக்கு இருக்கு. இது ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவோட வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டுல சேர்றதால மட்டும், சொந்தக் காசுல வேலை செய்யுற தனியார் உரிமையாளருக்கு ஃபெடரல் கட்டுப்பாடு எதுவும் வர்றதில்ல, உள்ளாட்சி விதிதான் கட்டுப்படுத்தும். பிரிட்டன்ல அப்படி இல்ல, பட்டியலிட்ட கட்டடத்தோட தன்மையை மாத்துற வேலைக்கு அனுமதி வாங்காம கை வச்சா அது குற்றம். இந்தியாவுல 1958ஆம் வருஷச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களுக்குத் தொல்லியல் துறையே நேரடியா செலவு பண்ணுது, 2010 திருத்தத்துக்கு அப்புறம் அதைச் சுத்தி 100 மீட்டருக்குள்ள புதுக் கட்டுமானத்துக்குத் தடை. பக்கத்துல உங்க பழைய வீடு இருந்தா ரிப்பேருக்கே முன் அனுமதி தேவைப்படும், அதையும் முதல்லயே கணக்குல எடுத்துக்கணும்.

யுனெஸ்கோ பத்தி ஒரு வார்த்தை. உலகப் பாரம்பரியப் பட்டியல்ல வந்துட்டா காசு கொட்டும்னு ஒரு நினைப்பு இருக்கு. 1972 உடன்படிக்கையில ஒரு நிதி இருக்குறது உண்மைதான், ஆனா அதைக் கேக்க முடியுறது நாடுகளோட அரசாங்கங்கள் மட்டும்தான், தனி உரிமையாளரோ டிரஸ்ட்டோ நேரா போய்க் கேக்க வழியில்ல.

3. கட்டடம் யார் பேர்ல இருக்கு?

பத்திரம் தெளிவா இல்லேன்னா இங்கேயே நின்னுடுங்க, இதைச் சரிபண்ணிட்டு மேல போங்க. அஞ்சு வாரிசு, அதுல ரெண்டு பேர் வெளிநாட்டுல, ஒருத்தர் பேசுறதே இல்லைங்கிற நிலைமையில எந்த அரசு நிதியும் வராது, ஏன்னா கட்டடத்தை நல்லபடியா வச்சுக்குவோம்னு பின்னாடி எழுதிக் குடுக்கப்போற உறுதிமொழி அந்தச் சொத்து மேலயே உக்காரும், எல்லாரும் கையெழுத்துப் போடணும். குத்தகைக் கட்டடம்னா இன்னும் எத்தனை வருஷம் பாக்கின்னு கேப்பாங்க.

4. கையில காகிதம்: முக்கியத்துவக் குறிப்பும் நிலை அறிக்கையும்

இதுல நேரம் செலவு பண்ணுங்க, மத்த எல்லாமே இதுக்கு மேலதான் நிக்குது.

முக்கியத்துவக் குறிப்புன்னா கட்டடத்தைப் புகழ்ந்து எழுதுறது இல்ல. "மிகவும் தொன்மையான, கலைநயம் மிக்க"ன்னு ஆரம்பிக்கிற பத்திகளை அதிகாரிங்க தாண்டிப் போயிடுவாங்க. அமெரிக்கப் பதிவேடு நாலு விஷயம் கேக்குது: முக்கியமான நிகழ்வோட தொடர்பா, முக்கியமான ஆளோட தொடர்பா, வடிவமைப்பாலயும் கட்டின முறையாலயும் சிறப்பா, இல்ல வரலாறு பத்தி இன்னும் தகவல் குடுக்கக்கூடிய இடமா. நீங்க எந்த நாட்டுல இருந்தாலும் இந்த நாலை வச்சு யோசிச்சா தெளிவு வந்துடும். அதோட கட்டடத்துல எந்தப் பகுதி எந்தக் காலத்துது, எதைத் தொடவே கூடாது, எதை மாத்தினா பரவாயில்லங்கிறதையும் எழுதுங்க. பின்னாடி சேர்த்த வராண்டாவை "அசல் இல்ல"ன்னு இடிக்கத் திட்டம் போடாதீங்க, எல்லாக் காலத்தோட நியாயமான பங்களிப்பையும் மதிக்கணும்னு பழைய கட்டடங்களைப் பாதுகாக்குறதுக்கான சர்வதேசக் கொள்கை ஆவணமான 1964 வெனிஸ் சாசனத்துலயே இருக்கு, மதிப்பீடு பண்றவங்க அதைப் படிச்சவங்க.

நிலை அறிக்கையைப் பழைய கட்டடங்கள்ல அனுபவம் இருக்குற ஆர்க்கிடெக்ட்டோ இன்ஜினியரோ எழுதணும். ஆனா போட்டோவை நீங்களே இன்னைக்கே எடுக்க ஆரம்பிக்கலாம். ஒரு சுவர்ல விரிசல்னா, முழுச் சுவரும் தெரியுற மாதிரி ஒண்ணு, விரிசல் கிட்டப் போய் ஒண்ணு, பக்கத்துல ஸ்கேல் பிடிச்சு ஒண்ணு, அப்புறம் பிளான்ல அந்த இடத்துல ஒரு நம்பர் போட்டு அதே நம்பரை போட்டோவுக்கும் குடுங்க. விரிசல் மேல அளவு பாக்குற பட்டை ஒண்ணு ஒட்டச் சொல்லி மாசாமாசம் தேதி போட்டுக் குறிச்சு வைங்க. ஒரு வருஷமா 0 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தா அது எப்பவோ நின்னுபோன விரிசல், பூசி விட்டா போதும். மழைக்காலத்துக்கு அப்புறம் 2 மில்லிமீட்டர் கூடியிருந்தா அஸ்திவாரத்துக்கிட்ட தண்ணி எங்க போகுதுன்னு பாக்கணும். இந்த ஒரு தாள் விண்ணப்பத்துல இருந்தா "அவசரம்"னு நீங்க தனியா எழுத வேண்டியதே இல்ல. மழை பெய்யும்போது போய் எடுத்த வீடியோவும் அப்படித்தான், எந்தக் குழாய் வழியுது, தண்ணி சுவர்ல எங்க இறங்குதுன்னு வெயில்ல எடுத்த நூறு போட்டோ சொல்லாததை அது சொல்லிடும்.

5. என்ன வேலை, எந்த வரிசையில

கூரை, மழைநீர்க் குழாய், வடிகால், அஸ்திவாரம். அப்புறம்தான் சுவர், மரவேலை, கடைசியாத்தான் ஓவியம், பெயிண்ட், விளக்கு. தண்ணியை நிறுத்தாம அழகுவேலைக்குக் காசு கேட்டா கேக்குறவருக்கு கட்டடமே புரியலைன்னு எடுத்துப்பாங்க, அவங்க அப்படி நினைக்கிறதும் நியாயம்தான், ஏன்னா மூணு மழையில அந்தக் காசு கரைஞ்சிடும்.

முறை பத்தியும் சொல்லணும். பழைய செங்கல் சுவர் சுண்ணாம்புச் சாந்துல கட்டினது. அந்தச் சாந்து செங்கல்லைவிட மென்மையா இருக்கணும், அதுதான் கணக்கு: சுவர் கொஞ்சம் அசைஞ்சா சாந்து தாங்கிக்கும், உள்ள போன ஈரம் சாந்து வழியா வெளிய வரும், தேயுறதும் சாந்தாவே இருக்கும், சில பத்து வருஷத்துக்கு ஒருதடவை சாந்தை மட்டும் புதுப்பிச்சா போதும். அதுல செங்கல்லுக்கு நடுவுல இருக்குற இடுக்கை சிமெண்ட் வச்சு அடைச்சா ஈரம் வெளிய வர வழியில்லாம செங்கல் வழியா வருது, கூடவே உப்பும் வந்து செங்கல்லோட முகத்துக்குப் பின்னாடியே படிகமாகி, முகம் ஏடு ஏடா உரிஞ்சு விழும். சிமெண்ட் கோடு மட்டும் அப்படியே நிக்க, நடுவுல செங்கல் குழிஞ்சு போன சுவரை நீங்களும் பாத்திருப்பீங்க. அதே மாதிரி மணல் பீய்ச்சிச் சுத்தம் பண்றது, சூளையில வெந்து கெட்டியான செங்கல்லோட மேல்தோலையே எடுத்துடும், அப்புறம் அது தண்ணியைக் குடிக்கும். இந்த ரெண்டும் உங்க வேலைப் பட்டியல்ல இருந்தா தொழில்நுட்பக் காரணத்துக்காகவே விண்ணப்பம் போயிடும். அமெரிக்க தேசியப் பூங்காத் துறை இதைப்பத்தியெல்லாம் சின்னச் சின்னக் கையேடா இலவசமா போட்டிருக்காங்க, ரெண்டாவது கையேடே சாந்து மாத்துறதைப் பத்தினதுதான், எந்த நாட்டுக்காரங்களும் படிக்கலாம்.

காணாமப் போனதைத் திரும்பக் கட்டுற ஆசையை அடக்குங்க. பழைய போட்டோவோ வரைபடமோ ஆதாரம் இருந்தா பேசலாம், "இங்க ஒரு கோபுரம் இருந்திருக்கும்"னு ஊகத்துல கட்ட யாரும் பணம் குடுக்க மாட்டாங்க. ஊகம் ஆரம்பிக்கிற இடத்துல வேலை நிக்கணும்ங்கிறது வெனிஸ் சாசனத்தோட விதி.

6. பட்ஜெட்

"வடக்குச் சுவர் புதுப்பித்தல், மொத்தம்"னு ஒரு வரியில ஒரு தொகை போட்டா அது பட்ஜெட் இல்ல. இப்படிப் பிரியணும்: வடக்குச் சுவர், பழைய சிமெண்ட் இடுக்கை உளியால கையால எடுக்குறது, இத்தனை சதுர மீட்டர், இத்தனை ஆள்நாள், சுண்ணாம்புச் சாந்து பரிசோதனை, மாதிரிக்கு ஒரு சதுர மீட்டர் செஞ்சு ஒப்புதல் வாங்குறது, சாந்து வைக்கிறது, ஈரச் சாக்கு போட்டு ஆறவிடுறது, சாரம், இத்தனை வாரம். சாரம்னு சொன்னதும் ஞாபகம் வருது, இதைத்தான் அதிகமா விட்டுடுறாங்க, உயரமான கட்டடத்துல அது பெரிய தொகை.

இதுக்கு மேல ஆர்க்கிடெக்ட் ஃபீஸ், வரி, இன்சூரன்ஸ், ஆவணப்படுத்துற செலவு, எதிர்பாராததுக்குன்னு 10ல இருந்து 20 சதவீதம். பழைய கட்டடத்துல பூச்சை எடுத்தா உள்ள என்ன இருக்கும்னு யாருக்கும் தெரியாது, அதனால எதிர்பாராச் செலவுன்னு போடுறதுக்கு வெக்கப்பட வேண்டாம், அது இல்லாத பட்ஜெட்டைப் பாத்தாதான் அவங்களுக்குச் சந்தேகம் வரும்.

அப்புறம் உங்க பங்கு. முழுத்தொகையும் குடுக்குற திட்டம் ரொம்பக் குறைவு. கனடாவுல தேசிய வரலாற்று இடங்களுக்கான செலவுப் பகிர்வுத் திட்டம் தகுதியான செலவுல அதிகபட்சம் பாதிதான் குடுக்கும், அமெரிக்காவோட வரலாற்றுப் பாதுகாப்பு நிதி பொதுவா 60க்கு 40, அதாவது 60 அவங்க, 40 நீங்க. உங்க பங்கைப் பணமாத்தான் குடுக்கணும்னு இல்ல, பல இடத்துல தன்னார்வலர் உழைப்பு, நன்கொடையா வந்த பொருள் எல்லாத்தையும் மதிப்புப் போட்டுக் காட்டலாம். ஆனா பேர், தேதி, எத்தனை மணி நேரம், என்ன வேலை, கையெழுத்து, இது அன்னன்னைக்கே எழுதின நோட்டா இருக்கணும். கடைசியில உக்காந்து ஞாபகத்துல இருந்து எழுதின நோட்டு ஆடிட்ல நிக்காது.

எல்லாத்தையும்விட முக்கியம் கையில ஓடுற பணம். பில் காட்டினாத்தான் காசுன்னா முதல் தவணை வர்ற வரைக்கும் கூலி, சாமான் எல்லாம் உங்க கையில இருந்து போகணும், கடைசி 10 சதவீதம் மாதிரி ஒரு பங்கை முடிவறிக்கை வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்கிறதும் சகஜம். அந்த இடைவெளியை எந்தக் கடன்ல, யார்கிட்ட வாங்கின கைமாத்துல தாண்டப்போறீங்கன்னு மாசவாரியா ஒரு தாள்ல எழுதுங்க. அந்தத் தாள் போட முடியலைன்னா வேலையை ரெண்டு கட்டமா உடைச்சு, முதல்ல கூரைக்கு மட்டும் கேளுங்க.

7. விண்ணப்பம்

ஃபாரம் நிரப்புறதுக்கு முன்னாடி அந்தத் திட்ட அதிகாரிக்கிட்ட பேசுங்க. பொதுப்பணம் குடுக்குற அலுவலகங்கள் பல, முன்கூட்டியே பேச வர்றவங்களை வரவேற்கத்தான் செய்யுது, பிரிட்டிஷ் லாட்டரி நிதி பெரிய தொகைகளுக்கு முதல்ல விருப்பக் குறிப்பு ஒண்ணு அனுப்பச் சொல்லி, அவங்க கூப்பிட்டாத்தான் முழு விண்ணப்பமே போட முடியும். அமெரிக்க வரிச்சலுகைக்கு மூணு பாகம்: கட்டடம் தகுதியானதான்னு ஒண்ணு, என்ன வேலைன்னு ஒண்ணு, முடிஞ்சப்புறம் சொன்னபடி செஞ்சிருக்கீங்களான்னு ஒண்ணு. ரெண்டாவதுக்கு ஒப்புதல் வராம வேலையை ஆரம்பிச்சு மூணாவதுல மாட்டினா முழுச் சலுகையும் போயிடும்.

பொதுமக்கள் பயன்பாடுன்னு வர்ற பகுதியில செய்ய முடியுறதை மட்டும் எழுதுங்க. வருஷத்துல சில நாள் திறந்து விடுறது, பள்ளிப் பசங்களைக் கூட்டிட்டு வர்றது, கொத்தனார் பசங்களுக்குச் சுண்ணாம்பு வேலை கத்துக்குடுக்குறதுன்னு சின்னதா, உறுதியா. மியூசியம் வைப்போம்னு எழுதிட்டு அதை நடத்த ஆள் இல்லேன்னா பின்னாடி அதுவே கழுத்தைப் பிடிக்கும்.

8. லெட்டர் வந்ததுக்கு அப்புறம்

ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி வக்கீல்கிட்ட காட்டுங்க, குறிப்பா சொத்து மேல வர்ற உறுதிமொழிப் பகுதியை. குறிப்பிட்ட வருஷத்துக்கு கட்டடத்தை நல்லபடியா வச்சுக்கணும், அனுமதி இல்லாம மாத்தக்கூடாது, வித்தா சொல்லணும், சில நேரம் பணத்தைத் திருப்பித் தரணும்னு இருக்கும். அமெரிக்க மானியங்கள்ல தொகை கூடக்கூட இந்தக் காலமும் கூடும், வரிச்சலுகையில 5 வருஷத்துக்குள்ள வித்தா ஒரு பங்கைத் திரும்பப் பிடிப்பாங்க. சிலருக்கு இதைப் பாத்ததும் பின்வாங்கத் தோணும், என் அபிப்பிராயத்துல இது நியாயமான நிபந்தனைதான், பொதுக்காசுல தூக்கி நிறுத்தின கட்டடத்தை அடுத்த வருஷமே இடிச்சு அபார்ட்மெண்ட் கட்ட விடக்கூடாது.

கான்ட்ராக்டர் எடுக்கும்போது வழக்கமா மூணு கொட்டேஷன் கேப்பாங்க. சொந்தக்காரருக்கோ கமிட்டி உறுப்பினருக்கோ வேலை குடுத்தா, எவ்வளவு நல்லா செஞ்சாலும், கேள்வி வரும். விலை குறைஞ்சவரை எடுத்தே ஆகணும்னு பயப்படாதீங்க, சுண்ணாம்பு வேலை அனுபவம் இருக்கணும்னு டெண்டர்லயே நிபந்தனையா எழுதிட்டா அதை வச்சு முடிவு பண்ணலாம்.

வேலை நடக்கும்போது எதிர்பாராதது வரும், பூச்சுக்குள்ள பழைய ஓவியம், தரைக்கடியில பழைய சுவர், கூரைக்குள்ள வௌவால் (பிரிட்டன்ல வௌவால் தங்குற இடத்துக்கே சட்டப் பாதுகாப்பு இருக்கு, கூரை வேலை அதனால மாசக்கணக்குல தள்ளிப்போகும்). எது வந்தாலும் அந்த இடத்துல வேலையை நிறுத்தி, போட்டோ எடுத்து, அதிகாரிக்கு எழுத்துல சொல்லி, எழுத்துல பதில் வாங்கினப்புறம் தொடருங்க. போன்ல "சரி சார் பண்ணுங்க"ன்னு சொன்னது கடைசி பில் நேரத்துல உதவாது.

பில், வங்கி ஸ்டேட்மென்ட், அளவுப் புத்தகம், போட்டோ எல்லாத்தையும் பட்ஜெட்ல இருக்குற வரி நம்பர்படியே ஃபைல் பண்ணுங்க. வேலை முடிஞ்சதும் தூக்கிப் போடாதீங்க, அமெரிக்க ஃபெடரல் மானியம்னா இறுதி நிதி அறிக்கை குடுத்ததுல இருந்து 3 வருஷம் வச்சிருக்கணும், மத்த இடங்கள்ல இன்னும் அதிகமா கேக்கலாம்.

9. கிடைக்கலைன்னா

நல்ல விண்ணப்பமும் முதல் தடவை தள்ளுபடி ஆகும், காசு குறைவு, கேக்குறவங்க அதிகம். ஏன்னு எழுத்துல கேளுங்க, மார்க் போட்ட விவரம் கிடைச்சா அதையும் வாங்குங்க, அடுத்த சுற்றுல எந்தப் பகுதியைத் திருத்தணும்னு அதுலயே தெரிஞ்சிடும்.

அதுவரைக்கும் கட்டடத்தை நிக்க வைக்கணும். நெதர்லாந்துல 1973ல ஆரம்பிச்ச நினைவுச்சின்னக் காவல்னு ஒரு அமைப்பு, ஆளுங்க ஏணியோட வந்து கட்டடத்தைச் சோதிச்சு, அங்கேயே சின்னச் சின்ன ஒழுகலைச் சரிபண்ணி, என்னென்ன வேலை பாக்கின்னு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டுப் போவாங்க. அங்க குடியிருப்பு வீடா இல்லாத மத்த நினைவுச்சின்னங்களுக்கு மானியமும் 6 வருஷப் பராமரிப்புத் திட்டத்துக்குத்தான், செலவுல 60 சதவீதம். உங்க ஊர்ல அப்படி அமைப்பு இல்லேன்னாலும் அந்த வேலையை நீங்களே செய்யலாம்: மழைக்கு முன்னாடி ஒருதடவை, பின்னாடி ஒருதடவை குழாய்ல இருக்குற இலையை அள்ளுங்க, நகர்ந்த ஓட்டைத் தள்ளி வைங்க, சுவர்ல முளைச்ச ஆலங்கன்னை வேர் தடிக்கிறதுக்கு முன்னாடி எடுங்க, தாங்காத உத்தரத்துக்கு இன்ஜினியரைக் கேட்டு முட்டுக் குடுங்க, திறந்து கிடக்குற கூரைக்குத் தார்ப்பாய் போட்டுக் காத்து போக இடைவெளி விடுங்க. ஒவ்வொண்ணுக்கும் தேதியோட போட்டோ எடுத்து அந்த நிலை அறிக்கை ஃபைல்லயே சேர்த்து வைங்க, அடுத்த விண்ணப்பத்துல "சரிபண்ணினப்புறம் யார் பாத்துக்குவாங்க"ன்னு கேக்குற பக்கத்துல அதைத்தான் இணைக்கப் போறீங்க.